வரத்து குறைந்த பறவைகளைத் தேடி: கோடியக்கரையில் ஒரு தை மாத நாள்

சரக்குத் தட்டுப்பாடு என்பது நம் வணிகப் பெருமக்களுக்குப் புதிய செய்தி அல்ல. மழை பொய்த்தால் துவரை குறையும். மழை கூடினால் வெங்காயம் அழுகும். லாரி வேலைநிறுத்தம் என்றால் எல்லாமே குறையும். விலை ஏறும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார், நாமும் நாலு ஊருக்குத் தொலைபேசி போட்டு விசாரிப்போம். ஆனாலும் அடுத்த அறுவடை, அடுத்த லாரி, அடுத்த கப்பல் என்று ஏதோ ஒன்று வந்து சேர்ந்து அந்தத் தட்டுப்பாடு தீர்ந்துவிடும். நாற்பது ஆண்டு மொத்த வியாபாரத்தில் தீராத தட்டுப்பாடு என்று எதையும் நாம் கண்டதில்லை.

அப்படியும் ஒன்று உண்டு என்பதைச் சென்ற தை மாதம் கோடியக்கரையில் நேரில் கண்டு வந்தோம். அங்கே குறைந்து வருவது பறவைகள். அவற்றுக்கு வேறு மண்டி கிடையாது. ஆர்டர் போட்டு வரவழைக்கவும் முடியாது. அந்த ஒரு நாள் அனுபவத்தை நமது உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடைக்கு விடுமுறை

நாங்கள் நால்வர். ஒன்று மளிகை மொத்தக் கடை, ஒன்று அரிசி மண்டி, ஒன்று மருந்துக்கடை. நான்காமவர் ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர். நாலைந்து ஆண்டுகளாக மார்கழி, தை மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசிரியரோடு பறவை பார்க்கப் போவது எங்கள் வழக்கம். "கடையைப் பூட்டிட்டு காக்கா குருவி பார்க்கப் போறாங்களாம்" என்று கடைத்தெருவில் கேலி பேசுவோர் உண்டு. பேசட்டும். திருப்பதிக்குப் போனாலும் ஒரு நாள் கடை பூட்டத்தானே வேண்டும்.

இம்முறை பொங்கல் விற்பனை முடிந்து, வெல்லத்துக்கும் முந்திரிக்கும் கணக்குப் பார்த்து முடித்த பிறகு வந்த ஞாயிறு. தை அமாவாசையன்று கோடியக்கரையில் கடல் நீராட வருவோர் கூட்டம் நெரியும் என்பதால் அந்த நாளைத் தவிர்த்தோம். திருவாரூரிலிருந்து காலை நான்கு மணிக்கு வேனில் கிளம்பி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக ஆறு மணிக்குக் கோடியக்கரையை அடைந்தோம். ஒரு டிபன் கேரியரில் இட்லி, இரண்டு பிளாஸ்கில் காபி, ஆளுக்கொரு தொலைநோக்கி. இவை தவிர, மூன்று கால் தாங்கியில் நிறுத்திப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி ஒன்று ஆசிரியரிடம் உண்டு.

காட்டில் நாங்கள் முதலில் கேட்டது ஆறுமணிக் குருவியின் குரல். வடக்கே இனப்பெருக்கம் முடித்துக் குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் சிறு பறவை அது. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் நம் மக்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பாலை மரத்தடியில் சருகுகளைக் கிளறிக்கொண்டிருந்தது. பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பட்டுக்கடை போல இருந்தது அதன் உடம்பு. 2018 நவம்பர் 16ஆம் தேதி கரையைக் கடந்த கஜா புயலில் இந்தக் காட்டில் விழுந்த மரங்கள் ஏராளம். விழுந்த இடத்தில் தழைத்திருக்கும் புதருக்குள்ளும் குருவி இருக்கிறது என்பது மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

உப்பும் பறவையும்

கோடியக்கரை சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது. வெளிமானுக்கும் பறவைக்கும் பெயர் பெற்ற இடம். 2002இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாகவும் ஏற்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகள் இங்கே தங்கி, ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்து, காலில் எண்ணிட்ட வளையம் பூட்டி விட்டிருக்கிறார்கள். நாம் சிப்பத்துக்கு மார்க் போட்டு அனுப்புவது போலத்தான். வளையம் பூட்டிய பறவை எந்த நாட்டில் அகப்பட்டாலும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

நம் உறுப்பினர்களுக்கு வேதாரண்யம் என்றால் உப்புதான் நினைவுக்கு வரும். தமிழகத்தில் தூத்துக்குடிக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் இடம். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்புச் சட்டத்தை மீறியதும் இங்கேதான். அந்தப் போராட்டத்தில் முன்நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை இந்த ஊர்க்காரர். திருத்துறைப்பூண்டியிலிருந்து உப்பளங்கள் சூழ்ந்த அகஸ்தியன்பள்ளி வரை செல்லும் ரயில் பாதை, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது.

நாங்கள் போன நேரத்தில் உப்பளங்களில் வேலை இல்லை. வடகிழக்குப் பருவமழை நீர் பாத்திகளில் தேங்கி நின்றது. வரப்பைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"தண்ணி வடிஞ்சு வெயில் ஏறினாத்தான் எங்களுக்கு வேலை, முதலாளி. அதுவரைக்கும் இது அவங்களுக்கு" என்று சொல்லி, பாத்தியில் மேய்ந்துகொண்டிருந்த பறவைகளைக் கை காட்டினார்.

உண்மைதான். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் சுண்ட வைக்கிறார்கள். எவ்வளவு சுண்டியது என்பதை டிகிரிக் கணக்கில் அளக்கிறார்கள். 25 டிகிரி வாக்கில் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் கசப்பு ஏறும் என்று மிச்ச நீரை வடித்துவிடுவார்கள். உப்பு பூக்கும் பாத்தியில் பறவைக்கு இரை அநேகமாக இல்லை. அதற்கு முந்தைய, சுமாராக உப்பேறிய ஆழமில்லாத நீரில்தான் ஆர்ட்டீமியா என்ற மிகச்சிறு இறாலினமும், ஈக்களின் புழுக்களும் பெருகுகின்றன. மழை நீர் கலந்து உப்பு இறங்கும் இந்த மாதங்களில் அத்தகைய நீர்ப்பரப்பு விரிகிறது. நமக்கு உப்பு வரத்து குறையும் காலம்தான் பறவைகளுக்குச் சந்தை கூடும் காலம்.

இந்தக் கரையோரப் பறவைகளில் ஒரு வகைக்குத் தமிழில் உப்புக்கொத்தி என்றே பெயர். சிறிய உருவம், குட்டை அலகு. நாலு அடி ஓடும், நிற்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். அது கொத்துவது உப்பை அல்ல, புழுவை. ஆனால் உப்பளத்திலேயே அதைப் பார்த்துப் பழகியவர்கள் வைத்த பெயர் என்பதில் எங்களுக்கு ஐயம் இல்லை.

சதுப்பின் நடுவே பூநாரைகள் நின்றன. எண்ணிப் பார்த்ததில் முந்நூறுக்கு மேல். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, நாக்கால் நீரை உறிஞ்சி வெளியே தள்ளுகின்றன. அலகின் ஓரத்தில் சல்லடை போன்ற அமைப்பு. நீர் போய்விடும், இரை தங்கிவிடும். நம் கடையில் பருப்பைச் சலிப்பது போல. அவை தின்னும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறமே அவற்றுக்கு ரோஜா நிறத்தைத் தருகிறது. குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்தான். நம் நாட்டில் இவை கூடு கட்டும் முக்கிய இடம் குஜராத்தின் கட்ச் பகுதி.

தேடி வந்த பறவை

பூநாரை பார்ப்பதற்காக மட்டும் நாங்கள் போகவில்லை. ஆசிரியர் மனதில் இரண்டு பறவைகள் இருந்தன. இரண்டும் உள்ளான் இனம்.

ஒன்று, ஆங்கிலத்தில் 'கிரேட் நாட்' என்று வழங்கும் பெரிய வகை உள்ளான். சைபீரியாவின் வடகிழக்கு மலைகளில் முட்டையிடுவது. மட்டிகளை ஓட்டோடு விழுங்கும். பத்து மணி அளவில் சேற்றுத் திட்டில் அவற்றில் மூன்றைப் பார்த்தோம். கூட நின்ற உப்புக்கொத்திகளை விடக் கொஞ்சம் நீளமான அலகு, தடித்த உடம்பு. ஆசிரியர் நிதானமாகப் பத்து நிமிடம் பார்த்து, எங்கள் மூவரையும் தனித்தனியே பார்க்கச் சொல்லி, நால்வரும் ஒன்றே சொன்ன பிறகுதான் குறிப்பேட்டில் எழுதினார்.

மற்றொன்று கரண்டிமூக்கு உள்ளான். உலகத்திலேயே மிக அரிதான பறவைகளுள் ஒன்று. நம் சிட்டுக்குருவி அளவுதான். எடை சுமார் முப்பது கிராம், ஒரு கைப்பிடிப் பருப்பு. அலகின் நுனி மட்டும் சின்னக் கரண்டி போலத் தட்டையாக விரிந்திருக்கும். ரஷ்யாவின் கிழக்கு ஓரத்தில் சுக்கோட்கா பகுதியில் முட்டையிட்டு, குளிர்காலத்துக்கு மியான்மர், வங்கதேசம், தாய்லாந்துக் கரைகளுக்கு வருகிறது. ஒரு வழிப் பயணம் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். முன்பு கோடியக்கரையிலும் இது பதிவாகியிருக்கிறது. இன்று உலகம் முழுவதிலும் எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே. நம் சங்கத்தின் ஒரு மாவட்ட உறுப்பினர் பட்டியலில் அதைவிட அதிகப் பெயர்கள் இருக்கும்.

பேரேட்டில் ஏறாத ஒன்று

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். கொசு உள்ளான்கள் இருநூறுக்கு மேல் ஒரு கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. பெரிய தொலைநோக்கியில் கண் வைத்திருந்த மருந்துக்கடைத் தம்பி திடீரென்று மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்த வரப்புக்கு இந்தப் பக்கம், இடது கோடியில ஒண்ணு. மூக்கு நுனி அகலமா இருக்கு சார்."

ஆசிரியர் பார்த்தார். அரிசி மண்டிக்காரர் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம். ஒரு பறவை மற்றவற்றை விடத் தலையைத் தாழ்த்தி, அலகைப் பக்கவாட்டில் அசைத்து மேய்ந்தது தெரிந்தது. ஆனால் தூரம் அதிகம். வெயில் ஏறி, தரையிலிருந்து கானல் எழுந்து, எல்லா உருவமும் நீரில் தெரிவது போல நெளிந்தது. கரண்டி மூக்கு பக்கவாட்டில் பார்த்தால் சரியாகத் தெரியாது, நேர் முகமாகப் பார்க்க வேண்டும் என்றார் ஆசிரியர். அலகில் சேறு ஒட்டியிருந்தாலும் சாதாரண உள்ளானுக்கு நுனி தடித்துத் தெரியுமாம். அது எங்கள் பக்கம் திரும்பட்டும் என்று காத்திருந்தோம். எங்கிருந்தோ ஒரு பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தது. கூட்டம் முழுவதும் ஒரே வீச்சில் எழும்பி, வெள்ளித் தகடு போல இரண்டு முறை திரும்பி, கண் காணாத தூரம் போய்விட்டது.

இரண்டு மணி நேரம் தேடினோம். கிடைக்கவில்லை.

வேனுக்குத் திரும்பி இட்லியைப் பிரித்தபோது வாதம் தொடங்கியது. தம்பிக்குச் சந்தேகமே இல்லை. "நான் பார்த்தேன் சார். எழுதுங்க. இத்தனை வருஷம் கழிச்சு இங்கே வந்திருக்குன்னா எவ்வளவு பெரிய செய்தி!" என்றார். உண்மையாக இருந்தால் பெரிய செய்திதான். நாலு பத்திரிகையில் வரும். நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று பெயர் வரும்.

ஆசிரியர் பேனாவை எடுக்கவில்லை. "நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்லல, தம்பி. நமக்கு உறுதியாத் தெரியல, அவ்வளவுதான்" என்றார்.

தம்பி விடவில்லை. அப்போது அதிகம் பேசாத அரிசி மண்டி நண்பர் சொன்னார்: "குடோனுக்கு வந்து எடை போடாத மூட்டையை இருப்புல ஏத்துவியா தம்பி? ஏத்தினா என்ன ஆகும்? சரக்கு இருக்குன்னு நினைச்சுக் கொள்முதலை நிறுத்திடுவோம். கடைசியில வாடிக்கைக்காரன் வந்து நிக்கும்போது குடோன் காலியா இருக்கும்."

இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இல்லாத பறவையை இருப்பதாக எழுதிவிட்டால், பரவாயில்லை, இன்னும் இருக்கிறதே என்று அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் அசட்டையாகிவிடலாம். அடுத்து வருபவர்களும் எழுதிவிட்டுப் போவார்கள். குறைந்துகொண்டே வரும் சரக்குக்குத்தான் கணக்கு கறாராக இருக்க வேண்டும். அன்றைய பட்டியலில் 41 இனங்கள் ஏறின. கரண்டிமூக்கு உள்ளான் ஏறவில்லை. தம்பி சிறிது நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். திருத்துறைப்பூண்டியில் டீ குடிக்கும்போது, "அடுத்த வருஷம் விடியக்காலையிலேயே அந்த இடத்துக்குப் போயிடணும், கானல் வரதுக்கு முன்னாடி" என்று அவரே திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்.

ஏன் குறைந்தன?

வழியெல்லாம் இதைப் பற்றியே பேசி வந்தோம். ஆசிரியர் சொன்ன விளக்கம் வணிகருக்கு உடனே புரியக்கூடியது.

தில்லியிலிருந்து வரும் லாரி ஒரே மூச்சில் வந்து சேர்வதில்லை. வழியில் டீசல் போட வேண்டும், டிரைவர் சாப்பிட வேண்டும். பறவைக்கும் அப்படியே. வழியில் உள்ள சேற்றுக் கரைகளில் இறங்கி, வயிறு நிறையத் தின்று, உடம்பில் கொழுப்பு சேர்த்துக்கொண்டுதான் அடுத்த கட்டம் பறக்கிறது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடல் கரைகள் கிழக்காசிய வழியில் பறப்பவற்றுக்கு மிகப் பெரிய இடைத்தங்கல். அந்தச் சேற்றுக் கரைகளை மண் கொட்டி மேடாக்கித் தொழிற்பேட்டைகளாகவும் வயல்களாகவும் மாற்றிவிட்டார்கள். தென்கொரியாவில் சேமாங்கும் என்ற இடத்தில் சுமார் 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் அணை கட்டி, 2006இல் அடைத்தார்கள். அங்கே இறங்கிக்கொண்டிருந்த பெரிய வகை உள்ளான்கள் வேறு இடம் போய்ப் பிழைத்துக்கொள்ளவில்லை. பல்லாயிரக் கணக்கில் குறைந்துபோயின. வழியில் ஒரு பெட்ரோல் பங்க் மூடினால் லாரி அடுத்த பங்குக்குப் போகும். டேங்க் காலியான பிறகு மூடியிருப்பது தெரிந்தால் நடுவழியில் நிற்கத்தான் வேண்டும்.

இரண்டாவது காரணம் வேட்டை. மியான்மர் கரைகளில் உணவுக்காக வலை வைத்துப் பிடித்ததில் கரண்டிமூக்கு உள்ளான்களும் சிக்கின. பின்னர் அந்தக் கிராமத்தாருக்கு வேறு தொழிலுக்கு உதவி செய்து வலையைக் குறைத்தார்கள். சீனாவும் மஞ்சள் கடல் கரையின் ஒரு பகுதியைக் காப்பாற்ற முன்வந்து, அது 2019இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே எல்லாம் கைவிட்டுப் போய்விடவில்லை. ஆனால் அந்தச் சங்கிலியில் நம் கரையும் ஒரு கண்ணி. சைபீரியாவில் முட்டை பொரித்து, பல நாடுகளைக் கடந்து, இங்கே வந்து பட்டினி கிடந்தாலோ வலையில் விழுந்தாலோ மற்றவர் செய்த நன்மை எல்லாம் வீண்.

நாம் செய்யக்கூடியவை

வேட்டை என்பது எங்கோ நடப்பது என்று நினைக்க வேண்டாம். நமது டெல்டா மாவட்டங்களில் அறுவடைக் காலத்தில் கண்ணி வைத்தும் வலை விரித்தும் கொக்கு, மடையான், நீர்க்கோழி, உள்ளான் பிடித்துச் சாலையோரத்தில் விற்பதைப் பார்த்திருக்கிறோம். வாங்குபவர் இருப்பதால்தான் விற்பவர் இருக்கிறார். இது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனவே உறுப்பினர்களுக்குச் சில வேண்டுகோள்கள்:

1. காட்டுப் பறவைக் கறியை வாங்காதீர்கள். உணவகம் நடத்தும் உறுப்பினர்கள் அதைச் சமையலறைக்குள் விடாதீர்கள். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி இது குற்றம். நம் கடை வாசலில் அந்த வியாபாரம் நடக்கவும் இடம் தராதீர்கள்.

2. கடையில் ராசிக்காகப் பச்சைக்கிளி வளர்ப்போர் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நாட்டுக் கிளியையும் சில்லைக் குருவியையும் கூண்டில் அடைத்து வைப்பதும் விற்பதும் அதே சட்டப்படி குற்றமே. ராசி தராசில் இருந்தால் போதும்.

3. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை உள்ளது. வேதாரண்யம் சதுப்பில் ஒதுங்கிக் கிடந்த பைகளில் மளிகைக் கடைகளின் பெயர் அச்சிட்டிருந்ததைப் பார்க்க எங்களுக்குச் சங்கடமாக இருந்தது.

4. 2015ஆம் ஆண்டிலிருந்து பொங்கல் நாள்களில் தமிழகமெங்கும் ஆர்வலர்கள் பறவைக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி எழுதினால் போதும். வீட்டு மொட்டை மாடியிலிருந்தே செய்யலாம். இருப்பு எடுப்பதில் நம்மை விடத் தேர்ந்தவர் யார்? பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

செல்ல விரும்புவோருக்கு

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மழை நாள்களைத் தவிர்க்கவும். வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை சுமார் 11 கிலோமீட்டர், பேருந்து உண்டு. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி பெற்றே செல்ல வேண்டும். உப்பளங்களில் உரியவர்களிடம் கேட்டுவிட்டு, வரப்பின் மேல் மட்டும் நடக்க வேண்டும். பாத்தியில் கால் வைத்தால் ஒரு தொழிலாளியின் உழைப்பு கெடும். காலை பத்து மணிக்குள் பார்ப்பது நல்லது. பறவை கிட்டத்தில் வரவில்லை என்று கை தட்டி எழுப்பக் கூடாது. பல்லாயிரம் மைல் பறந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவரை இலையை விட்டு எழுப்புவது போன்றது அது.

அடுத்த தை மாதமும் ஒரு ஞாயிறு நாங்கள் போகிறோம். வேனில் எட்டுப் பேருக்கு இடம் இருக்கிறது. வர விரும்பும் உறுப்பினர்கள் மார்கழி முடிவதற்குள் நமது சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால் போதும். இட்லி எங்கள் பொறுப்பு.